கட்டுரை நோட்டின் ஓரத்தில்

ஏழாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளில் 'நன்று', 'முயற்சி தேவை' என்று எழுதுவதை இப்போது விட்டுவிட்டேன். அதைப் படிக்கிற பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

ஒரு மாணவி தன் வீட்டு ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதியிருந்தாள். பக்கம் முழுக்க ர, ற குழப்பம். ஆனால் நடுவில் ஒரு வரி: "நனைஞ்ச குட்டியை அம்மா முந்தானையால் துடைச்சாங்க." அதற்குக் கீழே கோடு போட்டு, "இந்த இடம் அப்படியே கண்ணுக்குத் தெரியுதும்மா. அப்புறம் குட்டி என்ன செஞ்சது?" என்று ஓரத்தில் எழுதினேன். பிழைகளில் ர, ற மட்டும் வட்டமிட்டேன். சந்திப்பிழை எல்லாம் அடுத்த கட்டுரைக்கு. பக்கமே சிவந்து கிடந்தால் பிள்ளை நோட்டை மூடி வைத்துவிடும்.

மறுநாள் இடைவேளையில் வந்து நின்றாள். "டீச்சர், குட்டி அடுப்புக்கிட்டப் போய்ப் படுத்துக்கிச்சு. அதையும் எழுதலாமா?"

1998-ல் உளவியல் ஆய்வாளர்களான கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வுகளை வெளியிட்டார்கள். 'நீ புத்திசாலி' என்று பாராட்டப்பட்டவர்களைவிட, உழைப்புக்காகப் பாராட்டப்பட்டவர்களே தோல்விக்குப் பிறகும் விடாமல் முயன்றார்கள். அதனால்தான் 'கெட்டிக்காரி' என்று பொதுவாகச் சொல்லாமல், அவள் செய்ததைச் சொல்கிறேன்.

நாலு வரியோடு நிறுத்திவிடும் பையன்களுக்கு ஓரக்குறிப்பு போதாது. அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து வாயால் சொல்லச் சொல்கிறேன். சொன்னதை உடனே எழுத வைக்கிறேன்.