பிறந்த இடம்: டியேகோ கார்சியா

லண்டனுக்குத் தெற்கே கிராலி நகரில், விமான நிலையத்துக்குத் துப்புரவுப் பணியாளர்களை அனுப்பும் நிறுவனம் ஒன்றில் ஆள்சேர்ப்புப் பிரிவில் சில ஆண்டுகள் இருந்தேன். பாதுகாப்பு பாஸ் வேண்டுமென்றால் ஐந்து ஆண்டு முகவரிகளுக்கும் வேலைகளுக்கும் ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு மாதம் விடுபட்டாலும் விளக்கம் எழுத வேண்டும். அந்தப் படிவங்களில்தான், இந்தியப் பெருங்கடலில் டியேகோ கார்சியா உள்ளிட்ட சாகோஸ் தீவுகளின் மக்களை அறிந்தேன். 2002இல் பிரிட்டன் குடியுரிமை கிடைத்தபின் மொரீஷியஸிலிருந்து வந்தவர்கள்.

அவர்களில் ஒரு மூதாட்டி பணி ஒப்பந்தத்தை வரிவரியாகப் படித்துக் காட்டச் சொல்வார். ‘ஒப்பந்தக் காலம்’ என்ற இடம் வந்ததும் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு, “முடிந்தால் என்னை எங்கே அனுப்புவீர்கள்?” என்று கேட்டார். வேடிக்கையாகக் கேட்கிறார் என்றுதான் பக்கத்து மேசைக்காரர் சிரித்தார்.

வேடிக்கை இல்லை. 1965இல் பிரிட்டன் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிலிருந்து பிரித்தது. மறு ஆண்டே ராணுவத் தளத்துக்காக அமெரிக்காவுடன் உடன்பாடு செய்துகொண்டது. நிரந்தரக் குடிகள் உண்டென்று ஒப்புக்கொண்டால் ஐ.நா.வுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே, தென்னந்தோப்புகளில் தலைமுறை தலைமுறையாகக் கொப்பரை உலர்த்தி வாழ்ந்தவர்களைக் கோப்புகளில் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஆக்கினார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகவும், பிறகு இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். ஆள்சேர்ப்பில் இருந்தவன் என்பதால் இந்தத் தந்திரம் எனக்கு உடனே விளங்கியது: ஊர்க்காரரை வெளியேற்றக் காரணம் வேண்டும், ஒப்பந்தக்காரருக்குக் கணக்கு முடித்தால் போதும்.

மருத்துவத்துக்காக மொரீஷியஸ் போனவர்களைத் திரும்பக் கப்பல் ஏற்றவில்லை. 1971இல் தளத்துக்காக டியேகோ கார்சியாவைக் காலி செய்தபோது, வளர்ப்பு நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வண்டிப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். 1973க்குள் சாகோஸின் பெரோஸ் பன்யோஸ், சாலமோன் தீவுக்கூட்டங்களிலும் ஆளில்லை.

நீதிமன்றக் கதை நீளமானது. ஊர் திரும்பும் உரிமை கேட்டு 2000இல் வென்றார்கள், 2008இல் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபையில் மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள்.

2025 மே மாதம் கையெழுத்தான உடன்படிக்கையின்படி இறைமை மொரீஷியஸுக்குப் போகும், டியேகோ கார்சியா 99 ஆண்டுகளுக்குத் தளமாகவே இருக்கும். மற்றத் தீவுகளில் மக்களைக் குடியேற்றலாம். அங்கே மட்டும் கூடாது. தளத்தின் சமையலுக்கும் துப்புரவுக்கும் பிலிப்பீன்ஸிலிருந்து ஆள் எடுக்கிறார்கள். அவர்கள் உண்மையிலேயே ஒப்பந்தத் தொழிலாளர்கள்.