லண்டனில் நாற்காலி ஆடிய 2022

வாளையாற்றில் தொடங்கி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையை ஒட்டி வரும் தமிழ் ஊர்களில், நர்சிங் படித்த பிள்ளை இருக்கிற வீட்டுக்குப் பிரிட்டன் செய்தியும் உள்ளூர்ச் செய்திதான். பவுண்டு என்ன விலை, விசா விதி மாறிவிட்டதா, சம்பளம் ஏறுமா என்று விசாரிக்காத நாள் குறைவு. ஆனால் 2022-ஐப் பற்றிப் பேச்சு வந்தால் மட்டும், "ஒரே வருசத்துல மூணு பிரதமருங்க, நம்ம ஊர் அரசியலே தேவலை" என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஆண்டு அதைவிடப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஆண்டு. பொதுத்தேர்தல் ஒன்றுகூட நடக்கவில்லை, ஆனால் போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று மூன்று பேர் பிரதமராக இருந்தார்கள். ஒருவரைச் சொந்தக் கட்சி எம்.பி.க்கள் இறக்கினார்கள். இன்னொருவரைக் கடன் பத்திரச் சந்தை இறக்கியது. இரண்டும் எப்படி நடந்தது என்று தெரிந்தால், நம்ம வீட்டுப் பிள்ளையின் சம்பளமும் வாடகையும் கரண்ட் பில்லும் ஏன் அப்படி ஆடின என்பதும் விளங்கும்.

முதலில் ஜான்சன். கொரோனா ஊரடங்கு நேரத்தில் பிரதமர் அலுவலகத்திலேயே விருந்துகள் நடந்ததற்காக 2022 ஏப்ரல் 12-இல் அவருக்கும் அன்றைய நிதியமைச்சர் சுனக்குக்கும் போலீஸ் அபராதம் விதித்தது. ஜான்சனுக்கு வந்தது 50 பவுண்டு. தொகை சின்னது. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதாகத் தண்டம் கட்டிய முதல் பிரதமர் என்ற பெயர்தான் பெரிது.

ஜான்சனின் கன்சர்வேட்டிவ் கட்சியில் தலைவரை மாற்ற ஒரு தனி வழி உண்டு. அமைச்சர் பதவி இல்லாத எம்.பி.க்களின் '1922 குழு' என்ற அமைப்பின் தலைவருக்கு, "எனக்குத் தலைவர் மேல் நம்பிக்கை இல்லை" என்று எம்.பி. கடிதம் எழுதலாம். யார் எழுதினார் என்பது வெளியே வராது. 2022-இல் இருந்த விதிப்படி, கட்சி எம்.பி.க்களில் 15 சதவீதம் பேர் எழுதிவிட்டால் ரகசிய வாக்கெடுப்பு. அப்போது 359 எம்.பி.க்கள், ஆகவே 54 கடிதம் போதும். ஜூன் 6-இல் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 211, எதிர்ப்பு 148. ஜான்சன் ஜெயித்தார். விதிப்படி அடுத்த 12 மாதம் அவரை யாரும் தொட முடியாது.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஜூன் 30-இல் துணைத் தலைமைக் கொறடா கிறிஸ் பின்சர் ஒழுங்கீனப் புகாரில் விலகினார். அவர் மேல் முன்பே புகார் இருந்தது பிரதமருக்குத் தெரியுமா என்ற கேள்விக்கு அலுவலகம் நாளுக்கொரு பதில் சொன்னது. ஜூலை 5 மாலை சுகாதார அமைச்சர் சஜித் ஜாவித்தும் சுனக்கும் சில நிமிட இடைவெளியில் ராஜினாமா செய்தார்கள். அடுத்த இரண்டு நாளில் அமைச்சர்கள், துணை அமைச்சர்கள், அவர்களின் நாடாளுமன்ற உதவியாளர்கள் என்று 60-க்கும் மேற்பட்டோர் விலகினார்கள். காலியான இடங்களை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. 12 மாதப் பாதுகாப்பு விதி அப்படியே இருந்தது. ஆட்சி நடத்த ஆள்தான் இல்லை. ஜூலை 7-இல் ஜான்சன் போகிறேன் என்று அறிவித்தார்.

இதை 2017-இல் சென்னையில் நடந்ததோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். முதலமைச்சரை மாற்ற வேண்டும் என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்த அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் 18 பேரை, செப்டம்பர் 18-இல் சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். 2018-இல் உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இங்கே எம்.எல்.ஏ. தலையில் கத்தியாகத் தொங்குகிறது. பிரிட்டனில் அந்தச் சட்டம் கிடையாது. கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டாலும் கட்சிதான் ஒதுக்கி வைக்க முடியும், எம்.பி. பதவி போகாது. நம்மவர்கள் ரிசார்ட்டுக்குப் போனால்தான் செய்ய முடிந்ததை அவர்கள் ஒரு கவரில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். எது நல்லது என்றால், ஆளும் கட்சிக்குள் கேள்வி கேட்க இடம் இருப்பதுதான் நல்லது என்பேன். ஆனால் அந்த வசதிக்கும் விலை உண்டு. அடுத்த பிரதமர் யார் என்பதைத் தேர்ந்தெடுத்தது நாட்டு மக்கள் இல்லை, சந்தா கட்டும் கட்சி உறுப்பினர்கள். செப்டம்பர் 5-இல் வந்த முடிவில் டிரஸ்ஸுக்கு 81,326, சுனக்குக்கு 60,399. ஒரு லட்சத்தைக்கூடத் தொடாத ஓட்டில் ஒரு நாட்டுக்குப் பிரதமர்.

செப்டம்பர் 6-இல் ஸ்காட்லாந்தின் பால்மோரல் அரண்மனையில் ராணி எலிசபெத் டிரஸ்ஸைப் பிரதமராக நியமித்தார். ராணியின் ஆட்சிக் காலத்தில் இவர் 15-வது பிரதமர். செப்டம்பர் 8-இல் ராணி காலமானார். அடுத்த வாரிசு அந்த நொடியே அரசர். சார்லஸுக்கு முடிசூட்டு விழா அடுத்த மே மாதம்தான் நடந்தது என்பதால் இடையில் நாற்காலி காலியாக இருந்ததாக அர்த்தம் இல்லை. இறுதிச் சடங்கு நடந்த செப்டம்பர் 19 வரை அரசியல் ஏறத்தாழ நின்றுபோனது.

இந்த இடத்தில் நம்ம பக்கம் ஒரு குழப்பம் கிளம்பியது. ராணி இறந்ததால் அவர் படம் போட்ட நோட்டு செல்லாது என்று பேச்சு. உண்மையில் நடந்தது வேறு. 20, 50 பவுண்டு காகித நோட்டுகளுக்கு 2022 செப்டம்பர் 30 கடைசி நாள் என்று முன்பே அறிவித்திருந்தார்கள். இரண்டு செய்தியும் ஒரே மாதத்தில் வந்ததால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. ராணி படமுள்ள பிளாஸ்டிக் நோட்டு இன்றும் செல்லும். பார்த்துக் கண்டுபிடிப்பது சுலபம். புது நோட்டில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பட்டை இருக்கும், 20-இன் பின்பக்கம் ஓவியர் டர்னர், 50-இன் பின்பக்கம் ஆலன் டூரிங். பின்பக்கம் ஆடம் ஸ்மித் இருந்தால் அது பழைய காகித 20. பீரோவில் அப்படி ஒன்று கிடந்தால் கிழித்துப் போட வேண்டாம். கடையில் வாங்க மாட்டார்கள், ஆனால் பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்து எத்தனை வருடம் ஆனாலும் மாற்றித் தரும்.

இனி அந்த ஆண்டின் மையமான விஷயம். செப்டம்பர் 23-இல் நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் 'மினி பட்ஜெட்' போட்டார். ஆண்டுக்குச் சுமார் 45 பில்லியன் பவுண்டு வரிக் குறைப்பு. அதிக வருமானக்காரர்களின் 45 சதவீத வரி ரத்து, அடிப்படை வரி 20-இலிருந்து 19, கம்பெனி வரி 19-இலிருந்து 25 ஆக ஏற இருந்தது நிறுத்தம். வரவு குறையும் அளவுக்குச் செலவு எங்கே குறையும் என்று சொல்லவில்லை, ஆகவே கடன். அரசின் வரவு செலவைச் சுதந்திரமாகக் கணிக்கும் பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு வழக்கமாக இதனுடன் வெளிவரும், அதையும் வெளியிடவில்லை. நிதித்துறையின் மூத்த செயலாளர் டாம் ஸ்காலரைச் சில நாள் முன்புதான் வெளியே அனுப்பியிருந்தார்கள். கடன் கொடுப்பவர் இதையெல்லாம் பார்ப்பார்.

செப்டம்பர் 26 அதிகாலை பவுண்டு 1.03 டாலர் வரை விழுந்தது. ரூபாய்க் கணக்கில், ஆண்டுத் தொடக்கத்தில் 100-க்குச் சற்று மேல் இருந்தது 90-க்குக் கீழே வந்தது. ரூபாயும் அந்த ஆண்டு டாலரிடம் இறங்கியதால்தான் நமக்கு அடி இவ்வளவோடு நின்றது. பவுண்டு விழுந்தது செய்தியில் பெரிதாக வந்தது, ஆனால் ஆட்சியை அசைத்தது அதுவல்ல, அரசு கடன் வாங்குவதற்காக விற்கும் பத்திரம்.

100 பவுண்டு முகமதிப்பு, ஆண்டுக்கு 1.25 பவுண்டு வட்டி, 30 ஆண்டு கழித்து அசல் திரும்பும் அரசுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தை வட்டி 3.5 சதவீதம் என்றால் அதன் விலை சுமார் 59 பவுண்டு. வட்டி 5 சதவீதத்துக்கு ஏறினால் அதே பத்திரம் சுமார் 42-க்குத்தான் போகும். கையில் உள்ள சொத்தில் கால்பங்குக்கு மேல் காணாமல் போகிறது. நீண்டகாலப் பத்திரங்களின் வட்டி அப்படி ஐந்தைத் தொட, மினி பட்ஜெட்டுக்குப் பிறகு ஒரு வாரம்கூட ஆகவில்லை.

பிரிட்டனின் பென்ஷன் நிதிகள் இந்தப் பத்திரங்களை அடமானமாக வைத்துக் கடன் வாங்கி, மேலும் பத்திரம் வாங்கி வைத்திருந்தன. நகைக்கடன் வாங்கிய வீட்டுக்கு இது புரியும். தங்கம் விலை விழுந்தால் பைனான்ஸ்காரர், வித்தியாசத்தைக் கட்டு, இல்லை இன்னும் நகை வை, முடியாவிட்டால் ஏலம் என்பார். ஊரில் எல்லா நகையும் ஒரே வாரத்தில் ஏலத்துக்கு வந்தால் விலை இன்னும் சரியும், அடுத்த வீட்டுக்கும் நோட்டீஸ் போகும். பென்ஷன் நிதிகள் அந்த நிலையில் சிக்கின. பணம் திரட்டப் பத்திரத்தை விற்றன, விற்றதால் விலை விழுந்தது, விழுந்ததால் மேலும் கட்டச் சொன்னார்கள். செப்டம்பர் 28-இல் பேங்க் ஆஃப் இங்கிலாந்து, நாளுக்கு 5 பில்லியன் என்று மொத்தம் 65 பில்லியன் பவுண்டு வரை நீண்டகாலப் பத்திரங்களை வாங்கத் தயார் என்றது. கடைசியில் வாங்கியது 19.3 பில்லியன்தான். வாங்க ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்ததே பாதி வேலையைச் செய்தது. ஆனால் அக்டோபர் 14-இல் நிறுத்திவிடுவோம் என்று தேதியும் போட்டார்கள். அரசுக்கு வைத்த கெடுவாக அது ஆகிவிட்டது.

அக்டோபர் 3-இல் 45 சதவீத வரி ரத்தைக் கைவிட்டார்கள். அக்டோபர் 14-இல் குவார்ட்டெங் நீக்கம், பதவியில் இருந்தது 38 நாள். 17-இல் புதிய நிதியமைச்சர் ஜெரமி ஹன்ட் மினி பட்ஜெட்டில் ஏறத்தாழ எல்லாவற்றையும் திரும்பப் பெற்றார். 19-இல், பூமிக்கடியில் பாறையை உடைத்து எடுக்கும் எரிவாயு பற்றிய வாக்கெடுப்பு அரசின் மேலான நம்பிக்கை வாக்கெடுப்பா இல்லையா என்றுகூட ஆளுங்கட்சி எம்.பி.க்களுக்குத் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. 20-இல் டிரஸ் ராஜினாமா அறிவித்தார். அடுத்த தலைவர் போட்டிக்கு 100 எம்.பி.க்கள் முன்மொழிய வேண்டும் என்று வைத்தார்கள். ஜான்சனும் பென்னி மார்டன்ட்டும் ஒதுங்க, தீபாவளி நாளான அக்டோபர் 24-இல் சுனக் போட்டியின்றித் தலைவரானார். மறுநாள் பிரதமர்.

நம்மவர் ஒருவர் ஆண்டார் என்று இங்கே பட்டாசு வெடித்தவர்களைக் குறை சொல்லவில்லை. அதைவிட, அங்கே வேலை பார்க்கும் பிள்ளைக்கு அந்த மாதங்களில் என்ன ஆனது என்று கேட்டிருக்கலாம். பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி ஆண்டுத் தொடக்கத்தில் 0.25 சதவீதம், முடிவில் 3.5. வீட்டுக்கடனில் இரண்டு ஆண்டு நிலையான வட்டியின் சராசரி, மினி பட்ஜெட் அன்று 4.74, டிரஸ் விலகிய அன்று 6.65. 2,00,000 பவுண்டு, 25 ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை சுமார் 1,139-இலிருந்து 1,369 ஆகிறது. வீட்டுக்காரர் கட்டும் இந்த 230 பவுண்டு வாடகையில் வந்து இறங்கும்.

எரிசக்திக் கட்டணத்தில் பலர் ஏமாந்தார்கள். அக்டோபர் 1 முதல் ஆண்டுக்கு 2,500 பவுண்டுதான் என்று டிரஸ்ஸே சொன்னார். அது சராசரியாகச் செலவழிக்கும் வீட்டுக்கான கணக்கு. உண்மையில் உச்சவரம்பு யூனிட்டுக்குத்தான், மின்சாரம் சுமார் 34 பென்ஸ், கேஸ் சுமார் 10.3 பென்ஸ். ஹீட்டரை நாள் முழுக்க ஓடவிட்ட வீட்டுக்கு 2,500-ஐத் தாண்டி பில் வந்தது. கூடவே மின் இணைப்புக்கு 400 பவுண்டு தள்ளுபடி, அக்டோபர், நவம்பரில் 66, பிறகு நான்கு மாதம் 67 என்று. விசாவில் இருந்தவர்களும் அதைப் பெற முடிந்தது, விசா நிபந்தனையை மீறியதாக ஆகவில்லை. முன்பணம் போடும் பழைய மீட்டர் உள்ள வீடுகளுக்கு அது வவுச்சராக வந்தது. பயன்படுத்தாமல் விட்டவை காலாவதியாகின.

இதே ஆண்டு பிப்ரவரி 15-இல்தான் கேர் ஹோம் பணியாளர்களுக்கும் விசா திறந்தது. அப்போது குறைந்த சம்பளம் ஆண்டுக்கு 20,480, மணிக்கு 10.10 பவுண்டு. வாரம் 39 மணி நேரம், 52 வாரம் என்று பெருக்கினால் அந்தத் தொகை வரும். அக்டோபரில் விலைவாசி ஏற்றம் 11.1 சதவீதம், 41 ஆண்டில் காணாத அளவு. அந்தச் சம்பளத்தில் கிளம்பிப் போனவர் இறங்கிய குளிர்காலம் இதுதான். வேலை வாங்கித் தருவதற்கு ஆளிடமே காசு வாங்குவது பிரிட்டனில் ஏஜென்சிகளுக்குச் சட்டப்படி தடை. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள் என்றால் அங்கேயே நின்றுகொள்ள வேண்டும். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையில், ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும் குறைந்தபட்சக் கூலிக் கணக்கில் சேரும். பணி நேரப் பட்டியலில் அதை விட்டுவிடும் முதலாளிகள் உண்டு.

டிசம்பர் 15-இலும் 20-இலும் நர்ஸ்கள் இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் வேலைநிறுத்தம் செய்தார்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங்கின் 106 ஆண்டு வரலாற்றில் அவ்வளவு பெரிய வேலைநிறுத்தம் நடந்ததில்லை. அரசு கொடுத்தது பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு 1,400 பவுண்டு உயர்வு. அவர்கள் கேட்டது விலைவாசிக்கு மேல் 5 சதவீதம். விசாவில் இருக்கும் நம்ம பிள்ளைகளில் பலர், கலந்துகொண்டால் ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்து ஒதுங்கினார்கள். சம்பளமில்லா விடுப்பு ஆண்டுக்கு நான்கு வாரத்தைத் தாண்டினால் விசாவுக்கு முதலாளி தரும் ஸ்பான்சர்ஷிப் போகலாம் என்று விதி இருப்பது உண்மை. சட்டப்படி அறிவித்த வேலைநிறுத்தத்தில் போன நாள்கள் அந்த நான்கு வாரக் கணக்கில் சேராது என்று அதே விதியில் விலக்கும் இருக்கிறது. அந்த நாள்களின் சம்பளம் மட்டும்தான் போகும்.