100–400: பழகு குறிப்புகள்

ஜனவரி 4

100–400 மி.மீ. ஜூம் லென்ஸ். அதிகபட்சத் திறப்பு (அப்பர்ச்சர்) 100 மி.மீ.-இல் எஃப் 5, 400-இல் எஃப் 6.3; எண் கூடினால் திறப்பு சிறிது. ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) கேமராவோடு. முதல் நாள் வேலை விரல்களுக்குத்தான். வ்யூஃபைண்டரில் கண் பதிந்திருக்கும்போது எந்த ஸ்விட்ச் எங்கே என்று குனிந்து பார்க்க முடியாது. ஆட்டோ/மேனுவல், ஃபோகஸ் எல்லை (எந்தத் தூரத்துக்குள் ஃபோகஸ் தேடலாம் என்பது), நடுக்கத் தடுப்பு, அதன் மோட், ஜூம் பூட்டு, இத்தனையையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்லும்வரை தடவிப் பார்ப்பது நல்லது.

ஒரு சின்னப் பொறி: மேனுவலில் 100-இல் எஃப் 5 வைத்து எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்ச அளவை) சரிசெய்துவிட்டு 400-க்குப் போனால் அப்பர்ச்சர் தானாக 6.3 ஆகிவிடும், மூன்றில் இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது). ஆரம்பத்திலேயே 6.3 வைத்துவிட்டால் ஜூம் எங்கே இருந்தாலும் அளவு மாறாது. இல்லையென்றால் ஆட்டோ ஐஎஸ்ஓ: சென்சாரின் உணர்திறனைக் கேமராவே ஏற்றி இறக்கிச் சமன்செய்யும்.

ஜனவரி 5

லென்ஸின் உள்கண்ணாடிகள் கோணலின்றி நேராக இருக்கின்றனவா என்ற சோதனை. திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிட வேண்டும்.

செங்கல் சுவர், ட்ரைபாட், 2 வினாடி டைமர், எலக்ட்ரானிக் முதல் திரை (ஷட்டர் அதிர்வைக் குறைக்க), நடுக்கத் தடுப்பு அணைப்பு. கேமரா சுவருக்கு இணையாக நிற்பதுதான் கடினம். அதற்கு ஒரு வழி உண்டு: சிறிய தட்டைக் கண்ணாடி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, அதில் தெரியும் லென்ஸின் பிம்பம் சட்டத்தின் நட்டநடுவில் வரும்வரை கேமராவை நகர்த்த வேண்டும். பிறகு கண்ணாடியை எடுத்துவிட்டு 100, 200, 300, 400 நான்கிலும் எஃப் 6.3, 8, 11 என்று எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

400-இல் வலது மேல் மூலை கொஞ்சம் மங்கல். உடனே லென்ஸைப் பழிக்கக் கூடாது. ட்ரைபாட் வளையத்தைத் தளர்த்தி கேமராவை 180 டிகிரி, தலைகீழாகத் திருப்பி, இன்னொரு படம். மங்கல் சட்டத்தின் அதே மூலையில் தங்கினால் குறை லென்ஸில். எதிர் மூலைக்குத் தாவி, சுவரின் அதே செங்கல்களிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் கேமராவை நிறுத்தியதில்தான் கோணல். இங்கே தாவிவிட்டது. லென்ஸ் தப்பித்தது.

எஃப் 8-இல் மூலைகள் 6.3-ஐவிடக் கொஞ்சம் தெளிவு, நடுவில் வித்தியாசமே இல்லை. எஃப் 16-க்குப் போனால் ஒளி விளிம்பு விலகலால் (சிறு துளையில் ஒளி சிதறிப் பரவுவதால்) மொத்தப் படமும் மென்மையாகிறது. ஆக 6.3-இல் கூசாமல் எடுக்கலாம்.

ஜனவரி 8

கையில் பிடித்து. பழைய கணக்குப்படி 400 மி.மீ.-க்கு ஷட்டர் வேகம் 1/400 வினாடி. சிறிய (கிராப்) சென்சார் என்றால் 1/600. நாற்பது மெகாபிக்சலுக்கு மேல் உள்ள சென்சாரில் 100 சதவீதம் பெரிதாக்கிப் பார்ப்பவர்களுக்கு இந்தக் கணக்கு போதாது, இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

நடுக்கத் தடுப்பு இத்தனை ஸ்டாப் என்று பெட்டியில் எழுதியிருக்கும் கணக்கை நம்புவதைவிடத் தன் கையை அளந்துவிடுவது மேல். அசையாத ஒரு பொருள், 400-இல், 1/500, 1/250, 1/125, 1/60, 1/30 ஒவ்வொன்றிலும் பத்துப் படம். பத்தில் எட்டு தெளிவாக வரும் கடைசி வேகம் எதுவோ அதுதான் அந்தக் கையின் எல்லை. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், எடை சமமாகும் இடத்தில் இருக்க வேண்டும்; முழங்கைகள் விலாவோடு. பொத்தானைப் பாதி அழுத்தி அரை வினாடி பொறுத்தால் வ்யூஃபைண்டர் காட்சி சட்டென்று மிதந்து நிற்பது தெரியும். அதற்கு முன்பே அழுத்தினால் முதல் படம் வீண்.

இதெல்லாம் கை நடுக்கத்துக்கு மட்டும். கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் குருவியின் தலை ஓயாமல் திரும்பிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது ஷட்டர்தான், நடுக்கத் தடுப்பு அல்ல. 1/500-க்குக் கீழே இறங்கினால் கிளை தெளிவாக இருக்கும், குருவியின் கண் இருக்காது.

ஜனவரி 9

400-இல் பறவையைத் தேடிக்கொண்டிருந்தால் இலைதான் கிடைக்கும். பார்வைக் கோணம் அகலத்தில் 5 டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவே. 100-இல் கண்டுபிடித்து, நடுவுக்குக் கொண்டுவந்து, பிறகு ஜூம். ஜூம் செய்யும்போது ஃபோகஸ் நகர்ந்துவிடும், மறுபடி பிடிக்க வேண்டும்.

ஜனவரி 12

பகல் 11 மணி, நல்ல வெயில். 150 மீட்டர் தள்ளி ஒரு பெயர்ப்பலகை. ட்ரைபாட், 1/1000, எஃப் 8. இருபது படங்களில் ஒன்றுகூட உருப்படியில்லை. மங்கல்கூட ஒரே மாதிரி இல்லை: ஒன்றில் எழுத்தின் இடது விளிம்பு கரைகிறது, அடுத்ததில் வலது.

இந்த வேறுபாடுதான் துப்பு. ஃபோகஸ் தவறியிருந்தால் முன்னாலோ பின்னாலோ வேறு ஏதாவது தெளிவாக இருக்கும். கை அசைந்திருந்தால் எல்லா விளிம்பும் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். படத்துக்குப் படம், இடத்துக்கு இடம் கோணல் மாறினால் அது கானல். சூடான தரை காற்றைச் சூடாக்குகிறது. சூட்டுக்கேற்பக் காற்றின் அடர்த்தி மாற, ஒளி வளைந்து வளைந்து வருகிறது. கேமராத் திரையின் நேரடிக் காட்சியை (லைவ் வ்யூ) பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் விளிம்புகள் கொதிக்கும் உலைநீர்போல நெளிவது கண்ணுக்கே தெரியும். படம் எடுப்பதற்கு முன் இதை ஒரு முறை பார்த்துவிட்டால் அரை நாள் மிச்சம்.

ஷட்டரை ஏற்றியும் பயனில்லை, அப்பர்ச்சரைக் குறைத்தும் பயனில்லை. ஆட்டோஃபோகஸும் தடுமாறும். பலிக்கும் வழிகள்: கிட்டே போவது, விடிந்து முதல் ஒரு மணி நேரத்தில் எடுப்பது, தார்ச் சாலைக்கு மேலாகக் குறிபார்க்காமல் புல்வெளிக்கு மேலாகப் பார்ப்பது, தரையிலிருந்து உயரத்துக்கு ஏறுவது. 20 மீட்டரிலும் படம் நெளிந்தால் சூடு பக்கத்திலேயே இருக்கிறது: காரின் பானெட், பாதி இறக்கிய கண்ணாடி வழியாகக் கலக்கும் ஏசி காற்று, குளிர்ந்த அறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த லென்ஸின் ஹுட்டுக்குள் (முன்பக்க வெயில் மறைப்புக்குள்) சிக்கிய காற்று. வெளியே வந்ததும் லென்ஸை அரை மணி நேரம் நிழலில் விட்டால் கடைசியாகச் சொன்னது தீரும்.

விற்கப்படும் டெலி லென்ஸ்களில் எத்தனை இந்தக் காரணத்துக்காகவே ‘தெளிவில்லை’ என்ற கெட்ட பெயர் வாங்கியிருக்குமோ. நீண்ட லென்ஸ் தூரத்தைக் குறைக்கத்தான் என்று நினைத்து வாங்குகிறோம். உண்மையில் அது கிட்டத்தில் இருக்கும் சின்னதைப் பெரிதாக்கும்போதுதான் முழு உழைப்பையும் தருகிறது.

ஜனவரி 15

கிட்டத்துக் கணக்கு. 400-இல் 10 மீட்டர் தூரத்தில் சட்டத்துக்குள் 90 செ.மீ. அகலமும் 60 செ.மீ. உயரமும் அடங்கும். 15 செ.மீ. குருவி அகலத்தில் ஆறில் ஒரு பங்கு. 5 மீட்டருக்கு வந்தால் மூன்றில் ஒரு பங்கு. ஆனால் எஃப் 6.3-இல் தெளிவின் ஆழம் 10 மீட்டரில் சுமார் 24 செ.மீ. என்றால் 5 மீட்டரில் 6 செ.மீ.தான். பறவை பக்கவாட்டில் நின்றால் போதும். நேராகப் பார்த்தால் அலகும் கண்ணும் கிடைக்கும், வால் போய்விடும். அதனால் புள்ளியைக் கண்ணில் வைக்க வேண்டும், மார்பில் அல்ல.

ஃபோகஸ் எல்லை ஸ்விட்சை இங்கேதான் மறப்பார்கள். தூரப் பறவைக்காகத் தள்ளிவைத்ததை அப்படியே விட்டுவிட்டு, மூன்று மீட்டரில் பட்டாம்பூச்சி வந்தால் லென்ஸ் முன்னும் பின்னும் ஓடித் தோற்கும். மோட்டார் கெட்டுப்போனதாகத் தோன்றும்.

ஜனவரி 17

பறப்பவை. கொக்கு, பருந்து போன்ற பெரியவற்றுக்கு 1/1600 போதும். சிறகைப் படபடவென்று அடிக்கும் சிறியவற்றுக்கு 1/3200. தொடர் ஃபோகஸ், எல்லை ஸ்விட்ச் தூரத்தில், எஃப் 6.3, ஆட்டோ ஐஎஸ்ஓ. வெளிர் வானத்துக்கு எதிரே பறவை கறுத்துவிடும், எக்ஸ்போஷரை +1 ஏற்ற வேண்டும். முழு எலக்ட்ரானிக் ஷட்டரில் சென்சார் வரிவரியாகப் படிப்பதால் மெதுவான கேமராக்களில் சிறகு வளைந்து வரும். மெக்கானிக்கலுக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

ஓடும் சைக்கிளைப் பின்தொடர்ந்து 1/60-இல் எடுக்க நடுக்கத் தடுப்பு இரண்டாம் மோட். முதல் மோட் நம் வீச்சையே நடுக்கமென்று எண்ணி எதிர்த்து இழுக்கும்.

ஜனவரி 20

ட்ரைபாடில் கேமராவின் அடிப்பாகத்தை மாட்டக் கூடாது. லென்ஸின் வளையத்தில் உள்ள காலைத்தான் மாட்ட வேண்டும், இல்லையென்றால் முழு எடையும் மவுண்டில் தொங்கும். 400-க்கு நீட்டும்போது எடை முன்னால் போகும், காலின் அடியில் உள்ள ட்ரைபாட் தட்டைக் கொஞ்சம் நகர்த்திச் சமன்செய்ய வேண்டும். ஹுட் காற்றைப் பாய்போலப் பிடிக்கும். வெயில் பக்கவாட்டில் இல்லாத காற்று நாளில் கழற்றிவிடலாம்.

ஜனவரி 22

நிலா. சென்சாரில் அதன் உருவம் குவிய நீளத்தில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு: 400-க்கு 3.6 மி.மீ. சட்டத்தின் உயரம் 24 மி.மீ., ஆக ஆறில் ஒரு பங்குகூட இல்லை. முழு நிலாவுக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ 200, 1/400-இல் தொடங்கலாம். பள்ளங்கள் வேண்டுமென்றால் அரை நிலா. இருளும் ஒளியும் சேரும் கோட்டில்தான் நிழல் விழும். அரை நிலாவுக்கு இரண்டு ஸ்டாப் வெளிச்சம் கூடுதலாக வேண்டும். 1.4 மடங்கு கன்வர்ட்டர் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் பெரிதாக்கி) போட்டால் 560 மி.மீ., ஆனால் எஃப் 9. 2 மடங்கு என்றால் எஃப் 13, பல கேமராக்களில் ஃபோகஸ் திணறும் இடம்.

ஜனவரி 25

ஜூம் நீளும்போது குழல் காற்றை உள்ளிழுக்கும், காற்றோடு தூசியையும். மணலிலோ தூறலிலோ எடுத்தால், சுருக்குவதற்கு முன் நீண்ட பகுதியை உலர் துணியால் துடைத்துவிட வேண்டும். உள்ளே தெரியும் நாலைந்து தூசித் துகள் படத்தில் வராது, கழற்றிச் சுத்தம் செய்யத் தேவையில்லை. பூஞ்சைதான் பகை. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் வரை இருக்கும் மூடிய பெட்டி, அதில் சிலிக்கா ஜெல். நீல நிறமானது இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் நிறைந்துவிட்டது என்று அர்த்தம், சூடாக்கி உலர்த்தி மறுபடி போடலாம். லென்ஸைத் தோல் உறையில் வைத்துப் பூட்டிவைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும்.