மருத்துவமனை மாறும், சம்பளச் சீட்டு மாறாது: இங்கிலாந்தில் ஜிபி (குடும்ப மருத்துவர்) பயிற்சிக்கு வருபவர்களுக்கு

2022 ஜூனில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது ஏதோ ஒரு என்எச்எஸ் ட்ரஸ்ட், அதாவது அரசு மருத்துவமனைகளை நடத்தும் நிறுவனம். அந்த ஊரில் எனக்குப் பணியிடம் எதுவும் இல்லை. அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட அன்றைக்கு எனக்குத் தெரியாது. பாஸ்போர்ட் நகல், வங்கிக் கணக்கு விவரம், தடுப்பூசிச் சான்று எல்லாம் கேட்டிருந்தார்கள். மோசடி என்று நினைத்து ஐந்து நாள் அப்படியே விட்டுவிட்டேன். என்னோடு அதே ஆண்டு பயிற்சியில் சேர இருந்த யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தி தொலைபேசியில் பேசும்போதுதான் சொன்னாள்: "அதுதான் எங்கட லீட் எம்ப்ளாயர். கெதியா ஃபார்மை நிரப்பி அனுப்புங்கோ, இல்லாட்டி முதல் மாதச் சம்பளம் வராது." லீட் எம்ப்ளாயர் என்றால், எந்த இடத்தில் பயிற்சி பெற்றாலும் நமக்குச் சம்பளம் தரும் நிறுவனம்.

ஊரிலிருந்து ஜிபி பயிற்சிக்கு வரும் தம்பி தங்கைகள் நுழைவுத் தேர்வான எம்எஸ்ஆர்ஏ-வுக்கு எத்தனை மாதம் படிக்க வேண்டும் என்று கேட்பார்கள், எந்தக் கேள்வி வங்கி நல்லது என்று கேட்பார்கள். "அக்கா, என் முதலாளி யாரு?" என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. மூன்று ஆண்டுப் பயிற்சியில் நமக்குப் பணமாகவும் விடுப்பாகவும் நிம்மதியாகவும் திரும்பி வரும் விஷயம் அதுதான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஜிபி பயிற்சி முழுநேரமாகச் செய்தால் மூன்று ஆண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, சில திட்டங்களில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை, இடம் மாறும். குழந்தைகள் பிரிவு, அவசரப் பிரிவு, மனநலம், மகப்பேறு என்று மருத்துவமனையில் சில காலம். மிச்சம் ஜிபி ப்ராக்டிஸில். ஆகஸ்டிலும் பிப்ரவரியிலும் முதல் புதன்கிழமை பெட்டி கட்ட வேண்டும். முன்பெல்லாம் ஒவ்வொரு மாற்றத்திலும் வேலை தரும் நிறுவனமும் மாறியது. பழைய இடத்தில் பி45 என்ற வரிச் சான்று வாங்கி, புதிய இடத்தில் ஒப்பந்தம் போட்டு, குற்றப்பின்னணிச் சான்றையும் தடுப்பூசிப் பதிவையும் மறுபடி காட்டி, வரிக் குறியீடு சரியாகும்வரை அவசர வரி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜிபி ப்ராக்டிஸ் என்பது பெரும்பாலும் நாலைந்து மருத்துவர்கள் கூட்டாக நடத்தும் சின்ன நிறுவனம். ஆறு மாதத்துக்கு வரும் ஒரு டிரெயினிக்காக அவர்களும் இந்தச் சம்பள வேலை முழுவதையும் செய்ய வேண்டியிருந்தது.

இப்போது ஒரே நிறுவனம் பயிற்சி முடியும்வரை நம்மை வேலைக்கு வைத்துக்கொள்கிறது. நாம் போகும் இடங்களுக்கு ஹோஸ்ட் என்று பெயர். தமிழ்நாட்டில் பிஜி படித்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். டிஆர்பி என்ற கட்டாயப் பயிற்சிக்காக மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைக்குப் போனீர்கள், உதவித்தொகை தாய்க் கல்லூரியிலிருந்துதான் வந்தது இல்லையா? அதையே மூன்று ஆண்டுக்கு நீட்டினால் லீட் எம்ப்ளாயர். இங்கிலாந்தில் பல பிராந்தியங்களின் ஜிபி டிரெயினிகளுக்கு வடமேற்கில் உள்ள ஒரே ட்ரஸ்ட்தான் வேலை தருகிறது. செயின்ட் ஹெலன்ஸ் அண்ட் நௌஸ்லி என்ற பழைய பெயர் 2023-இல் மெர்சி அண்ட் வெஸ்ட் லங்காஷயர் என்று மாறியது. ஸ்காட்லாந்தில் 2018 ஆகஸ்டிலிருந்து இந்த முறை. அங்கே ஜிபி டிரெயினிகளின் லீட் எம்ப்ளாயர் என்எச்எஸ் எஜுகேஷன் ஃபார் ஸ்காட்லாந்து. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இதுபோன்ற ஏற்பாடு உண்டு. விதிகள் இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும். நான் சொல்வது இங்கிலாந்துக் கதை.

வந்த புதிதில் எனக்குப் பெரிய குழப்பம், எதற்கு யாரிடம் போவது என்பதுதான். சம்பளம், ஒப்பந்தம், மகப்பேறு விடுப்பு, நீண்ட உடல்நலக் குறைவு எல்லாம் லீட் எம்ப்ளாயர். இன்றைக்கு எந்த டியூட்டி, அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு கிடைக்குமா என்பதெல்லாம் ஹோஸ்ட். எந்த ஊரில் எந்தப் பிரிவு, பயிற்சி எப்போது முடியும், ஆண்டு மதிப்பீடான ஏஆர்சிபி, விசா ஸ்பான்சர்ஷிப் ஆகியவை பயிற்சியை நிர்வகிக்கும் அலுவலகமான டீனரி. 2023 ஏப்ரலிலிருந்து அது என்எச்எஸ் இங்கிலாந்துக்குள் போய்விட்டது, ஆனால் எல்லோரும் இன்னும் டீனரி என்றே சொல்கிறார்கள். தவறான கதவைத் தட்டினால் யாரும் கோபப்பட மாட்டார்கள். "இது எங்கள் வேலை இல்லை" என்று பணிவாக ஒரு பதில் நாலு நாள் கழித்து வரும், அவ்வளவுதான். அந்த நாலு நாள் சில சமயம் பெரிய விஷயம்.

எனக்கு அது பெரிய விஷயமானது 2023 பிப்ரவரியில். அவசரப் பிரிவுக்கு மாறியிருந்தேன். வார இறுதி டியூட்டிகளுக்கும் இரவு நேரத்துக்கும் அடிப்படைச் சம்பளத்துக்கு மேல் பணம் உண்டு. இரவு மணிகளுக்கு 37 சதவீதம் கூடுதல். மாதக் கடைசியில் சீட்டைப் பார்த்தால் வெறும் அடிப்படைச் சம்பளம். லீட் எம்ப்ளாயரைக் கேட்டேன். அந்த மருத்துவமனை வொர்க் ஷெட்யூலை (வேலை நேரமும் அதற்கான சம்பளக் கணக்கும் உள்ள ஆவணம்) அனுப்பவே இல்லை என்றார்கள். ஹோஸ்ட் என்ன அனுப்புகிறதோ அதற்குத்தான் அவர்களால் சம்பளம் போட முடியும். ரோட்டா (டியூட்டி அட்டவணை) அலுவலகத்தைக் கேட்டேன், அனுப்பிவிட்டோம் என்றார்கள். என்னைக் காப்பாற்றியது, ரோட்டா கையில் வந்த அன்றே இறக்கி வைத்திருந்த பிடிஎஃப். அதை இரண்டு அலுவலகத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் அனுப்பினேன். ஏப்ரலில் பாக்கி வந்து சேர்ந்தது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: இடமாற்றத்துக்கு 12 வாரம் முன்பு எங்கே போகிறீர்கள் என்று தெரிய வேண்டும், 8 வாரம் முன்பு வொர்க் ஷெட்யூல் வர வேண்டும், 6 வாரம் முன்பு ரோட்டா வர வேண்டும். ஒவ்வொரு தேதியையும் காலண்டரில் போட்டு வையுங்கள். தேதி தாண்டினால் அன்றே ஹோஸ்டுக்கும் லீட் எம்ப்ளாயருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சலாக எழுதுங்கள். தனித்தனியாக எழுதினால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

இனி நான் இந்த ஏற்பாட்டுக்கு மனதார நன்றி சொல்லும் இடம். 2024 ஜூலை நடுவில் எனக்குப் பிரசவத் தேதி. பிப்ரவரியில் மகப்பேறுப் பிரிவிலிருந்து ஜிபி ப்ராக்டிஸுக்கு மாற்றம். சட்டப்படியான மகப்பேறு ஊதியம் பெற, பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்பு வரை 26 வாரமாவது ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். எனக்கு அந்த 15-ஆவது வாரம் மார்ச் கடைசியில் விழுந்தது. ஒவ்வொரு ப்ராக்டிஸும் தனி நிறுவனமாக இருந்த காலமாக இருந்தால் என் கணக்கு பிப்ரவரியில் பூஜ்யத்திலிருந்து தொடங்கியிருக்கும். மார்ச் கடைசிக்குள் ஏழெட்டு வாரம்தான் தேறியிருக்கும். ஒரே வேலை தரும் நிறுவனம் என்பதால் என் கணக்கு 2022 ஆகஸ்டிலிருந்து அறுபடாமல் ஓடியது. என்எச்எஸ்-இன் சொந்த மகப்பேறு ஊதியத்துக்கு 12 மாதத் தொடர் சேவை வேண்டும், அதுவும் இருந்தது. முதல் 8 வாரம் முழுச் சம்பளம், அடுத்த 18 வாரம் பாதிச் சம்பளமும் சட்டப்படியான ஊதியமும், அதற்கடுத்த 13 வாரம் சட்டப்படியான ஊதியம் மட்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். 20 வாரம் ஆனதும் மிட்வைஃப், பிரசவத் தேதியை உறுதி செய்யும் மேட் பி1 சான்றிதழ் தருவார். அதை லீட் எம்ப்ளாயரின் படிவத்தோடு, அந்த 15-ஆவது வாரம் முடிவதற்குள் அனுப்ப வேண்டும். கர்ப்பகாலப் பணி ஆபத்து மதிப்பீடு மட்டும் ஹோஸ்டின் வேலை; இடம் மாறினால் புதிய இடத்தில் மறுபடி கேட்டு வாங்குங்கள், தானாக வராது. பயிற்சி முடியும் தேதி தள்ளிப்போகும், அதை டீனரிக்குச் சொல்ல வேண்டும். விசாவில் இருப்பவர்கள், மகப்பேறு ஊதியம் வாங்கினால் அரசு உதவி வாங்கியதாகிவிடுமோ என்று பயப்படுகிறார்கள். அது உங்கள் வேலைக்கான ஊதியம். விசா தடை செய்யும் பொதுநிதியில் சேராது. பயத்தில் வாங்காமல் விட்ட ஒரு தங்கையை எனக்குத் தெரியும். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

உடம்பு சரியில்லாமல் போனால் இரண்டு இடத்துக்கும் சொல்ல வேண்டும். காலையில் ஹோஸ்டுக்குத் தொலைபேசி, அப்புறம் லீட் எம்ப்ளாயரின் முறைப்படி பதிவு. ஏழு நாள்வரை நாமே எழுதிக் கொடுக்கலாம், அதற்கு மேல் ஃபிட் நோட் என்ற மருத்துவச் சான்று வேண்டும். (பயிற்சியின் எழுத்துத் தேர்வான ஏகேடி-யில் பத்து சதவீதக் கேள்விகள் இந்த மாதிரி நிர்வாக விஷயங்கள்தான். இதைப் பாடமாக இரண்டு முறை படித்திருந்தேன். எனக்கே நிமோனியா வந்தபோதுதான் மறக்க முடியாமல் பதிந்தது.) ஓர் ஆண்டில் ஆண்டு விடுப்பும் படிப்பு விடுப்பும் போக 14 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் ஏஆர்சிபி குழு பயிற்சியை நீட்டிக்க வேண்டுமா என்று பார்க்கும். அதனால் நாள் கணக்கை நீங்களும் எழுதி வையுங்கள். லீட் எம்ப்ளாயரிடம் இருக்கும் எண்ணும் ஏஆர்சிபி-க்கு நாம் நிரப்பித் தரும் படிவம் ஆர்-இல் நீங்கள் எழுதும் எண்ணும் வேறாக இருந்தால் விளக்கம் கேட்பார்கள்.

ஆண்டு விடுப்பு 27 நாள், ஐந்தாண்டு என்எச்எஸ் சேவைக்குப் பிறகு 32. ஆறு மாத இடத்துக்குப் பதிமூன்றரை நாள் என்று பிரித்துத் தருவார்கள். வேலை தருபவர் ஒருவரே என்பதால் மிச்ச நாளை அடுத்த இடத்துக்குக் கொண்டு போகலாம் என்று நினைக்காதீர்கள். பொதுவாக அந்தந்த இடத்திலேயே எடுத்துவிட வேண்டும். ஊருக்கு மூன்று வாரம் போக வேண்டுமானால் இரண்டு இடங்களின் நாட்களைச் சேர்த்து இடமாற்றத்தை ஒட்டித் திட்டமிடலாம். இரண்டு ஹோஸ்டும் எழுத்தில் சரி சொல்லட்டும், அதன் பிறகு டிக்கெட் போடுங்கள்.

தேர்வைப் பற்றி. ஏகேடி இரண்டாம் ஆண்டிலிருந்து எழுதலாம். ப்ராக்டிஸில் இருக்கும்போது எழுதுவது நல்லது என்பார்கள், நானும் அதையே சொல்வேன். அங்கே வாரம் 40 மணி நேரம், பத்து அரைநாள் அமர்வில் மூன்று கற்றலுக்கானவை, இரவு டியூட்டி கிடையாது. நான் 2024 ஜனவரியில், மகப்பேறுப் பிரிவில் இரவு டியூட்டி பார்த்துக்கொண்டே, கர்ப்பத்தோடு எழுதினேன். பாஸானேன், ஆனால் யாருக்கும் அந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். நோயாளியோடு பேசும் எஸ்சிஏ தேர்வு மூன்றாம் ஆண்டில்தான். 12 நோயாளிகள், ஆளுக்கு 12 நிமிடம், திரை வழியாக. ப்ராக்டிஸிலேயே ஓர் அறையில் உட்கார்ந்து எழுதுவதால் அறையும் இணையமும் ப்ராக்டிஸ் மேனேஜரிடம் ஒரு மாதம் முன்பே பேசி வையுங்கள். தேர்வு நாளுக்கான படிப்பு விடுப்பை ஹோஸ்டிடம் கேளுங்கள், ரோட்டா வருவதற்கு முன்பே கேளுங்கள்.

இந்த ஏற்பாடு தீர்க்காதவையும் உண்டு. ஒவ்வோர் இடத்திலும் புதிய கணினிக் கடவுச்சொல், புதிய பார்க்கிங் அனுமதி, மறுபடி தீயணைப்புப் பயிற்சி. தூரமும் குறையாது. அப்புறம், நம் பெயரை மட்டுமே பார்த்த ஒரு அலுவலகம் நம்மை வேலைக்கு வைத்திருக்கிறது. மனம் உடைந்திருக்கும் நாளில் அதன் வாசலில் போய் நிற்க முடியாது. அந்த நாளுக்கு, உங்கள் பயிற்சியை மேற்பார்வை செய்யும் எஜுகேஷனல் சூப்பர்வைசர் வேண்டும். மூன்று ஆண்டும் மாறாமல் கூட வரக்கூடிய மனிதர் பெரும்பாலும் அவர் ஒருவர்தான். நல்ல நாளிலேயே அவரோடு பேசிப் பழகுங்கள்.

பயிற்சிக்கு முன்பே இங்கே ட்ரஸ்ட் கிரேடு வேலை (பயிற்சித் திட்டத்தில் சேராத மருத்துவமனை வேலை) பார்த்திருந்தால், அந்தச் சேவை விவரம் புதிய பதிவுக்கு வந்து சேர்ந்ததா என்று முதல் மாதமே கேளுங்கள். என்னோடு படித்த ஒருவருக்கு இரண்டு ஆண்டுச் சேவை பதிவில் இல்லாமலே போயிருந்தது. உடம்பு முடியாமல் படுத்தபோதுதான் தெரிந்தது. முதல் ஆண்டில் இருப்பவருக்கு முழுச் சம்பள நோய்விடுப்பு ஒரு மாதம், மூன்றாம் ஆண்டில் இருப்பவருக்கு நான்கு மாதம், ஐந்தாண்டு முடித்தவருக்கு ஆறு மாதம். அவருக்கு ஒரு மாதம் என்று போட்டிருந்தார்கள். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடி எடுத்து அனுப்பிச் சரி செய்தார்.

பயிற்சி முடிந்ததும் லீட் எம்ப்ளாயர் நம்மை விட்டுவிடும். மறுபடி ஒரு ப்ராக்டிஸ்தான் முதலாளி. விசாவில் இருப்பவர்கள் ஸ்பான்சர் உரிமம் உள்ள ப்ராக்டிஸைப் பயிற்சி முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடத் தொடங்க வேண்டும். என்எச்எஸ்-இன் ஜிஎம்எஸ் ஒப்பந்தத்தில் இயங்கும் ப்ராக்டிஸ், சம்பளம் வாங்கும் ஜிபிக்கு மருத்துவர் சங்கமான பிஎம்ஏ-வின் மாதிரி ஒப்பந்தத்தைவிடக் குறைவான நிபந்தனைகளைத் தரக்கூடாது. முந்தைய என்எச்எஸ் சேவையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பிரிவு அந்த மாதிரி ஒப்பந்தத்தில் உண்டு. நோய்விடுப்பும் மகப்பேறு ஊதியமும் அதை வைத்துத்தான் கணக்காகும். போன மாதம் எனக்கு வந்த ஒப்பந்த வரைவில் என்எச்எஸ் சேவை தொடங்கிய தேதி என்ற இடத்தில், நான் அந்த ப்ராக்டிஸில் சேரப்போகும் தேதியையே போட்டிருந்தார்கள். என் முதல் சம்பளச் சீட்டை இணைத்து, 2022 ஆகஸ்ட் 3 என்று மாற்றித் தரும்படி எழுதினேன். மறுநாளே மாற்றி அனுப்பினார்கள். அதன் பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.