லண்டன் கேட்காத கேள்வி

"மேனேஜர் பாஸ் பண்ணாத்தான் பணம் கொடுக்க முடியும் சார்." இன்று காலை வங்கி கவுண்டரில் இருந்த பெண் சொன்னதும், எனக்கு முன்னால் நின்றவர் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு பேரிங்ஸ் ஞாபகம் வந்தது. அங்கே இப்படி இன்னொருவர் சரிபார்க்கவில்லை.

1762-ல் தொடங்கிய லண்டன் வங்கி. அதன் சிங்கப்பூர் நிறுவனத்தில் ஃபியூச்சர்ஸ் (பின்னொரு தேதிக்கான விலையை இன்றே பேசி முடிக்கும் ஒப்பந்தம்) வாங்கி விற்றவர் நிக் லீசன். அந்த வியாபாரத்தைக் கணக்கு முடித்துச் சரிபார்க்கும் பிரிவும் அவர் கையில்தான்! நஷ்டத்தையெல்லாம் 88888 என்ற கணக்கில் ஒளித்தார்.

இரண்டு பொறுப்பையும் பிரிக்கச் சொல்லி 1994-லேயே உள் தணிக்கை சொன்னது. பிரிக்கவில்லை. லீசன் மார்ஜின் பணம் (சந்தையில் ஈடாகக் கட்டும் முன்பணம்) கேட்கக் கேட்க, யாருக்காக, எதற்காக என்று துருவாமல் லண்டன் அனுப்பிக்கொண்டே இருந்தது.

அப்புறம் 1995 ஜனவரியில் ஜப்பானில் கோபே நிலநடுக்கம், ஏறும் என்று லீசன் நம்பிப் பணம் போட்டிருந்த ஜப்பான் பங்குக் குறியீடு நிக்கேய் சரிவு, பிப்ரவரியில் வங்கியே மூழ்கியது. நஷ்டம் 82.7 கோடி பவுண்டு. நெதர்லாந்தின் ஐஎன்ஜி நிறுவனம் அதை 1 பவுண்டுக்கு வாங்கியது.

லீசன் சிறைக்குப் போனார், சரி. என் கோபம் மேலே இருந்தவர்கள் மீதுதான். ஃபியூச்சர்ஸ் மாதிரியான டெரிவேட்டிவ் வியாபாரத்தில் முன்பணம் கொஞ்சம், வரக்கூடிய நஷ்டம் பல மடங்கு. அதனால் வியாபாரம் செய்பவர் தரும் கணக்கை வேறொருவர் சந்தையின் பதிவோடு தினமும் ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஜப்பானின் ஒசாகா சந்தைக்கும் சிங்கப்பூர் சந்தைக்கும் இடையிலான சின்ன விலை வித்தியாசத்தில் சம்பாதிக்க வேண்டிய ஆள் கணக்கில் பெரிய பெரிய லாபம் காட்டியபோது, எப்படி என்று கேட்பதுதான் அவர்கள் வேலையே.