எதிர்த்துப் பேசினாள்

சிறையில் வகுப்பெடுக்கப் போன முதல் வருடம் எனக்கு ஆண்கள் பிளாக். அப்புறம் நான்கு வருடம் பெண்கள் பிளாக். இரண்டு இடத்திலும் ஒரே பாடம்தான். கோபம் தலைக்கேறும்போது என்ன செய்வது என்று பேசியும் நடித்தும் பழகுவது, வாரம் மூன்று நாள். மாதக் கடைசியில் ஒழுங்கு மீறல் பதிவேட்டைப் புரட்டி, வகுப்புக்கு வருகிறவர்கள் பேரில் எத்தனை புகார் என்று எண்ணிக் கொடுக்க வேண்டும். அந்த எண்தான் என் வேலைக்கு மதிப்பெண்.

ஆண்கள் பதிவேட்டில் அடிதடி இருக்கும், ஒளித்து வைத்த செல்போன் இருக்கும், கரண்டிக் காம்பைத் தேய்த்துச் செய்த கத்தி இருக்கும். பெண்கள் பதிவேட்டில் பக்கம் பக்கமாக ஒரே வரி: "எதிர்த்துப் பேசினாள்." ஒரு நாள் "சத்தமாக அழுதாள்" என்றுகூட இருந்தது. இதைவிடக் காரமான பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வார்டர்கள் நடந்துபோவதை ஆண்கள் பிளாக்கில் பார்த்திருக்கிறேன். அந்தப் பதிவேடு கைதியின் நடத்தையைச் சொன்னதா, எழுதியவரின் பொறுமையைச் சொன்னதா என்று எனக்கு இன்றும் சந்தேகம்தான்.

"இதெல்லாம் வேலைக்காகாது" என்பார் எங்கள் அதிகாரி. அது பழைய பேச்சு. 1974இல் அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் மார்ட்டின்சன், கைதிகளைத் திருத்தும் திட்டங்கள் அநேகமாகப் பலிப்பதில்லை என்று எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. 1979இல் அவரே அதிலிருந்து பின்வாங்கினார். பின்வாங்கியது மட்டும் யார் காதிலும் விழவில்லை போல.

ஆண்கள் பிளாக்கில் சண்டை குறைந்தது உண்மை. ஆனால் சண்டைகள் பெரும்பாலும் வேலையில்லாத பிற்பகலில்தான் நடக்கும், என் வகுப்பும் அதே நேரத்தில்தான். பாடம் பலித்ததா, பொழுது போனதா? யாருக்குத் தெரியும்.

பெண்கள் பிளாக்கில் தையல் பிரிவில் இருந்த ஒருவர் பேரில் ஒரே மாதத்தில் மூன்று புகார். வகுப்பில் அவரைப் போல அமைதியான ஆள் கிடையாது. தேதிகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மகனுக்குப் போட்ட போன் எடுக்கப்படாத நாளுக்கு மறுநாள், மூன்றுமே. தண்டனை என்ன தெரியுமா? இரண்டு வாரம் போன் கிடையாது. அப்படியானால் நான்காவது புகார் வராமல் என்ன செய்யும்?

2010இல் ஐ.நா. ஏற்ற பாங்காக் விதிகளில் 23ஆவது விதி, குடும்பத் தொடர்பைத் துண்டிப்பதைப் பெண் கைதிகளுக்குத் தண்டனையாகக் கொடுக்கக் கூடாது என்கிறது, குறிப்பாகப் பிள்ளைகளோடு. அச்செடுத்துக் கொண்டுபோய் அதிகாரியிடம் காட்டினேன். "அது ஐ.நா., இது என் பிளாக்" என்று திருப்பிக் கொடுத்தார்.

சில மாதத்தில் அவர் மாறுதலாகிப் போனார். புதிதாக வந்த அம்மா அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்தார். போனை வெட்டுவது நின்றது. பையன் பள்ளி விட்டு வீட்டில் இருக்கும் நேரத்துக்கு அந்தத் தையல் பிரிவுப் பெண்ணின் போன் முறையும் மாற்றப்பட்டது. அதற்கடுத்த மாதம் அவர் பேரில் ஒரு வரியும் இல்லை.

அந்த மாத அறிக்கையில் "குறைந்ததற்குக் காரணம்" என்ற கட்டத்தில் நான் "வகுப்பு" என்று எழுதிக் கொடுத்தேன்.