அந்தப் பயலுக்கு மலேரியா வராதுன்னு நான் சொல்லிட்டேன்

மார்ச் கடைசியில ஒரு மத்தியானம் ஆரல்வாய்மொழிப் பக்கத்து செங்கல் சூளையில வேல பாக்குற ஒடிசாக்காரர் ஒருத்தர் மவன தோள்ல போட்டுக்கிட்டு எங்க லேப்புக்கு வந்தாரு. பயலுக்கு ஏழு வயசு இருக்கும். ரெண்டு முட்டியும் வலி, கண்ணு மஞ்ச மஞ்சளா இருக்கு, அழக்கூட தெம்பில்ல. சிபிசியும் (ரத்த அணுக்கள எண்ணுற டெஸ்ட்) ஸ்மியரும் (ரத்தத்த கண்ணாடியில தேச்சு மைக்ராஸ்கோப்புல பாக்குறது) எழுதியிருந்துது. ஹீமோகுளோபின் 7.1, ரொம்பக் கொறச்சல். லீஷ்மன் சாயம் போட்டு ஸ்லைட பாத்தா வட்ட வட்டமா இருக்கவேண்டிய செல்லுக்கு நடுவுல அங்கங்க வளைஞ்சு கூரா கெடக்கு. நாஞ்சில்நாட்டுல வயக்காட்டு ஓரம் வளந்தவளுக்கு கதிரறுக்குற அருவா எப்படி இருக்கும்னு தெரியாதா.

சிக்கிள் செல்லா இருக்குமோன்னு தோணிச்சு, செவப்பணு அருவா மாதிரி வளையுற பரம்பரை ரத்த நோய். இன்னொரு சொட்டுல ஆக்ஸிஜன இழுத்துக்குற மெட்டாபைசல்பைட் விட்டு, காத்து போகாம கவர்ஸ்லிப்ப சுத்தி சீல் பண்ணி வச்சேன். அரை மணி நேரத்துல ஃபீல்டு பூரா அருவா. டாக்டர்கிட்ட போன்ல சொல்லிட்டு எந்த வகை ஹீமோகுளோபின்னு பிரிச்சுக் காட்டுற எச்பிஎல்சி டெஸ்ட்டுக்கு திருவனந்தபுரம் அனுப்ப சாம்பிள் எடுத்து வச்சேன்.

அது வரைக்கும் நான் செஞ்சது சரிதான். அதுக்கப்புறம் செஞ்சதுக்காகத்தான் இத எழுதுறேன். அந்த அப்பா மொகத்த பாக்க முடியல, ஏதாவது ஆறுதலா சொல்லணும்னு தோணிச்சு, சூளையில இருந்து கூட வந்த மேஸ்திரிக்கு இந்தி தெரியும், அவர்கிட்ட "ஒரு நல்லது உண்டு அண்ணே, இந்த ரத்தம் உள்ள பிள்ளையளுக்கு மலேரியா வராதுன்னு சொல்லுங்க"ன்னுட்டேன். அந்த அப்பா அத கேட்டதும் மொகம் தெளிஞ்சு என்னமோ சொன்னாரு, மேஸ்திரி திருப்பி சொன்னாரு, "மழை புடிச்சா நாங்க ஊருக்கு போயிருவோம், எங்க பலாங்கீர் பக்கம் மழைக்காலத்துல மலேரியா ஜாஸ்தி, இனி இவனப் பத்தி கவலையில்லங்கிறாரு"ன்னு.

ராத்திரி வீட்டுல மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிடும்போது எனக்க சித்திகிட்ட இத சொன்னேன். சித்தி டான்சானியாவுல விக்டோரியா ஏரிப் பக்கம் 22 வருஷம் நர்ஸா இருந்துட்டு வந்தவ. சாப்பிட்டுட்டிருந்த கை அப்படியே நின்னுட்டு. "மக்ளே, யாரு உனக்கு அப்படி சொன்னது? மழைக்காலத்துல அந்தப் பிள்ளையளத்தான் நாங்க நெறைய பறிகொடுத்தோம்."

டிப்ளமோ படிக்கும்போது நோட்ஸ்ல ஒரே ஒரு வரி எழுதிப்போட்டாவ, சிக்கிள் செல் மலேரியாவ தடுக்கும்னு. பரீச்சையிலயும் அதத்தான் எழுதுனேன். யாருக்கு தடுக்கும்னு அன்னைக்கு நான் கேக்கல.

நம்ம ஒவ்வொருத்தருக்கும் அந்த ஹீமோகுளோபின் ஜீன் அப்பாகிட்ட இருந்து ஒண்ணு, அம்மாகிட்ட இருந்து ஒண்ணுன்னு ரெண்டு வருது. அதுல ஒரே ஒரு எழுத்து மாறி, ஹீமோகுளோபினோட பீட்டா சங்கிலியில ஆறாவது எடத்துல குளுட்டாமிக் ஆசிட்ங்கிற அமினோ அமிலம் இருக்கவேண்டிய எடத்துல வேலின்ங்கிற இன்னொண்ணு வந்து உக்காந்துட்டா அது எஸ். ஒண்ணு மட்டும் எஸ்னா ட்ரெய்ட், பெரும்பாலும் ஒரு கஷ்டமும் தெரியாம ஆயுசு முழுக்க இருப்பாவ. மலேரியா பாதுகாப்பு இவங்களுக்குத்தான், கடுமையான மலேரியா 90 சதவீதம் வரைக்கும் கொறையுது. கிருமி உள்ள போன செல் சீக்கிரமா வளைஞ்சு மண்ணீரல்ல மாட்டி அழிஞ்சிருது, அதோட அந்த செல்லால மூளையோட சின்ன ரத்தக்குழாய்ல சரியா ஒட்டிக்கவும் முடியல. ரெண்டும் எஸ்னா அதுதான் நோய். அந்தப் பிள்ளையோட ஹீமோகுளோபின் சாதாரண நாள்லயே 7, 8 தான், மண்ணீரலும் சின்ன வயசுலயே கெட்டுப்போகும், அதுக்கு மேல மலேரியாவும் வந்து மிச்சம் இருக்குற செல்லையும் ஒடச்சா ஒடம்புல என்ன பாக்கி இருக்கும். கென்யா கடற்கரையில கிலிஃபின்னு ஒரு ஊரு, அங்க வருஷக்கணக்கா பிள்ளையள கவனிச்சு ஆராய்ச்சி பண்ணிட்டு வாறாவ. அவங்க பாத்ததும் இதத்தான். நோயுள்ள பிள்ளையள் ரத்தத்துல கிருமி கொறச்சலாத்தான் இருக்கு, ஆனா மலேரியாவோட ஆஸ்பத்திரிக்கு வந்துட்டா சாகுறது மத்த பிள்ளையள விட அதிகம்.

சித்தி சொன்னா, கையும் காலும் வீங்கி வரும் கைக்குழந்தைகள், அதுதான் மொத அடையாளமாம், மாமியார் வீட்டுல அம்மாவத்தான் வைவாவளாம், சாபம்னு. அப்பாகிட்ட இருந்தும் பாதி வந்துதுன்னு அங்க எத்தன பேருக்கு சொல்லியிருப்பேன்னு கணக்கே இல்லன்னா. ரத்தம் ஏத்த ஆள் கெடைக்காம ராத்திரியில வாசல்ல நின்ன அப்பாக்களையும் சொன்னா. அதுக்கு மேல பேசல, எந்திரிச்சு கை கழுவ போயிட்டா.

அப்புறம் ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி உக்காந்து படிச்சேன். 1949ல ஹால்டேன்ங்கிற விஞ்ஞானிதான் மொதல்ல இந்த யோசனைய சொல்லியிருக்காரு, அவர் பேசுனது தலசீமியா (ஒடம்புல ஹீமோகுளோபின் போதுமான அளவு உருவாகாத பரம்பரைக் கோளாறு) பத்தி, மலேரியா உள்ள எடத்துல அந்த ஜீன் நெலச்சு நிக்க காரணம் இருக்கும்னு. அந்த மனுசன் பின்னால இந்தியாவுக்கே வந்து 1964ல புவனேஸ்வர்ல செத்துப்போயிருக்காரு, இந்தப் பயலோட ஒடிசாவுலதான். கென்யாவுல வளந்த ஆண்டனி ஆலிசன்ங்கிற டாக்டர் 1954ல அத சிக்கிள் செல்லுக்கு நிரூபிச்சாரு. அவர் செஞ்ச ஒரு சோதனைய படிச்சப்ப எனக்கு வயித்த என்னமோ பண்ணிச்சு. கிழக்கு ஆப்பிரிக்காவுல லுவோ இன ஆம்பளைங்க 30 பேருக்கு வேணும்னே மலேரியா கொடுத்துப் பாத்திருக்காரு, ட்ரெய்ட் இல்லாத 15 பேர்ல 14 பேருக்கு வந்துது, ட்ரெய்ட் உள்ள 15 பேர்ல ரெண்டே பேருக்கு. கண்டுபிடிச்சது பெரிய விஷயந்தான். ஆனா இன்னைக்கு அப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கெடைக்கவே கூடாதுன்னு நெனைக்கிறேன்.

நம்ம நீலகிரியிலயும் 1952லயே மலைவாழ் மக்கள் ரத்தத்துல இத கண்டுபிடிச்சிருக்காவ, லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க. ஆப்பிரிக்காக்காரங்க நோய்னு இன்னமும் சொல்லுற ஆளுக அத தெரிஞ்சுக்கணும்.

என்னைய ரொம்ப யோசிக்க வச்சது கிலிஃபியில 2005ல வந்த இன்னொரு முடிவு. ஆல்ஃபா தலசீமியா (தலசீமியாவுல ஒரு வகை) தனியா இருந்தா கடுமையான மலேரியாவுல இருந்து பாதுகாப்பு, சிக்கிள் ட்ரெய்ட் தனியா இருந்தாலும் பாதுகாப்பு, ஆனா ஒரே பிள்ளைக்கு ரெண்டும் சேந்து இருந்தா அந்தப் பாதுகாப்பு கிட்டத்தட்ட இல்லாமப் போயிருது. நான் ரெண்டு வாட்டி படிச்சேன். ரெண்டு நல்லது சேந்தா இன்னும் நல்லதுதானேன்னு நெனச்சோம்னா ரத்தம் அப்படி கணக்கு போடல. ஆல்ஃபா தலசீமியா இருந்தா செல்லுக்குள்ள எஸ் அளவு கொறஞ்சிருது, அதுதான் காரணமா இருக்கலாம்னு சொல்லுறாவ. இப்படி இருக்கும்போது ஒத்த வரி படிச்சுட்டு ஒரு அப்பாகிட்ட "வராது"ன்னு சொல்ல எனக்கு என்ன தகுதி.

நல்ல சேதியும் ஒண்ணு உண்டு. இந்த நோய்க்கு ஹைட்ராக்ஸியூரியான்னு பழைய மருந்து, வெல கொறச்சல்தான். ஆப்பிரிக்காவுல குடுக்க பயந்தாவ, வெள்ளணுவ கொறச்சு மலேரியாவ கூட்டிருமோன்னு. அங்கோலா, காங்கோ, கென்யா, உகாண்டா நாலு நாட்டுலயும் ஒண்ணுல இருந்து பத்து வயசு பிள்ளையள் 600 பேருக்கு மேல குடுத்துப் பாத்து 2019ல வெளியிட்டாவ, அந்த ஆய்வுக்கு ரீச்னு பேரு. பயந்ததுக்கு நேர்மாறா மலேரியா பாதிக்கு மேல கொறஞ்சுது, வலி கொறஞ்சுது, சாவும் கொறஞ்சுது. சித்திக்கு வாசிச்சுக் காட்டுனேன். கண்ணாடிய கழத்தி தொடச்சுக்கிட்டே இருந்தா.

எச்பிஎல்சி ரிப்போர்ட் வந்துது, ரெண்டும் எஸ். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் சித்தியும் நானும் ஸ்கூட்டர்ல சூளைக்கு போனோம். ஆரல்வாய்மொழி காத்து உங்களுக்குத்தான் தெரியுமே, புழுதி கண்ணுல அடிச்சுது. மேஸ்திரிய கூப்பிட்டு வச்சு, நான் அன்னைக்கு சொன்னது தப்பு, மலேரியா வந்தா மத்தவங்கள விட இவனுக்குத்தான் ஆபத்துன்னு சொல்லச் சொன்னேன். பயலோட அப்பா கோவப்படல. கொஞ்ச நேரம் கீழ பாத்துட்டு உக்காந்திருந்தாரு. பயலோட அம்மாதான் உள்ள இருந்து ஒரு மூணு வயசு பொண்ண தூக்கிட்டு வந்து நீட்டுனா, இவளுக்கு? ன்னு.

கையில டியூப் வச்சிருந்தேன். அங்கயே எடுத்தேன், சித்தி மடியில வச்சு புடிச்சுக்கிட்டா.

பாப்பா ரிப்போர்ட் எட்டு நாள் கழிச்சு வந்துது. ஏ ஒண்ணு, எஸ் ஒண்ணு. ஏன்னா சாதாரண ஜீன், அதனால இவளுக்கு ட்ரெய்ட்தான். நான் அண்ணனுக்கு சொன்ன ஆறுதல் தங்கச்சிக்குத்தான் பொருந்தும், அதுவும் முழுசா இல்ல, அவளுக்கும் கொசுவலை வேணும்.

டாக்டர் பயலுக்கு ஃபோலிக் ஆசிட்டும் ஹைட்ராக்ஸியூரியாவும் ஆரம்பிச்சிருக்காவ, மாசாமாசம் சிபிசி நான் பாக்குறேன், போன வாரம் ஹீமோகுளோபின் 8.4. 2023 ஜூலைல மத்திய அரசு தொடங்குன சிக்கிள் செல் மிஷன்ல டெஸ்ட் பண்ணி கார்டு குடுக்காவ, ஊருல போனதும் அத வாங்கச் சொல்லியிருக்கேன். ஜூன்ல ரயிலேறுவாவளாம். ஒரு தாள்ல, காய்ச்சல் அடிச்சா மறுநாள் வரைக்கும் பொறுக்காம அன்னைக்கே மலேரியா டெஸ்ட் எடுக்கணும்னு ஒடியாவுல எழுதி லேமினேட் பண்ணணும், சூளையில படிச்ச பய ஒருத்தன் எழுதித் தாறேன்னு சொல்லியிருக்கான், நாளைக்கு போய் வாங்கணும்.